சி.ஆர்.பி. சீட்டு சொல்வதும் சொல்லாததும்

முட்டிவலிக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வரும் அம்மாவின் பையில் ஒரு சீட்டு இருக்கிறது. அதில் சி.ஆர்.பி. என்பதற்கு நேரே உள்ள எண் தடித்த மையில் அச்சாகியிருந்தால் போதும், கணியம்பாடியில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் 'ரத்தத்துல வாதம்' என்று முடிவாகிவிடும். அந்த எண் அப்படி எதையும் சொல்லவில்லை.

சி.ஆர்.பி. முதலில் தென்பட்டது மூட்டு நோயில் அல்ல, நுரையீரல் நோயில். 1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்தார்கள். கிருமியின் 'சி' என்ற சர்க்கரைப் பொருளோடு சேர்ந்து திரியும் ஒரு புரதத்தைக் கண்டார்கள். சி-ரியாக்டிவ் புரோட்டீன், சுருக்கமாக சி.ஆர்.பி. என்ற பெயர் அங்கிருந்து வந்தது. அதே புரதம் மற்ற நோய்களிலும் ஏறுவது பிறகு தெரிந்தது.

காரணம் எளியது. இதை உண்டாக்குவது மூட்டும் அல்ல, நுரையீரலும் அல்ல, கல்லீரல். உடம்பில் எங்கே அழற்சி வந்தாலும் அங்குள்ள செல்கள் இன்டர்லூகின்-6 என்ற சேதிப் பொருளை ரத்தத்தில் விடுகின்றன. அது கல்லீரலை எட்டியதும் சி.ஆர்.பி. பெருகுகிறது. சேதி முழங்காலிலிருந்து வந்ததா, நெஞ்சிலிருந்து வந்ததா, சொத்தைப் பல்லிலிருந்து வந்ததா என்பது எண்ணில் இருக்காது. அழற்சி தணிந்தால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் அளவு பாதியாகும். இரண்டு நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்வது அதற்காகத்தான்; காசு பிடுங்க என்று எண்ண வேண்டாம்.

அதே சீட்டில் வரும் ஈ.எஸ்.ஆர். இன்னும் குழப்பும். ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் குழாயில் எவ்வளவு இறங்குகின்றன என்பதே அந்தக் கணக்கு. ரத்தசோகை இருந்தாலும் வேகமாக இறங்கும். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. ஈ.எஸ்.ஆர். எண்ணைப் பார்த்து வாத மருந்து வாங்கிய பலருக்கு உண்மையில் தேவைப்பட்டது இரும்புச்சத்து மாத்திரையாக இருந்திருக்கலாம். முடக்குவாதத்துக்கென்று ரத்தத்தில் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டரும் அந்த நோய்க்கு மட்டும் உரியதல்ல. காசநோயிலும் தொழுநோயிலும்கூட அது தென்படும்.

நுரையீரலுக்கும் மூட்டுக்கும் உறவே இல்லையா? இருக்கிறது. 1953இல் வேல்ஸ் நிலக்கரித் தொழிலாளர்களில் முடக்குவாதம் உள்ளவர்களின் நுரையீரலில் தனிவகை முடிச்சுகளைக் காப்லான் என்ற மருத்துவர் கண்டார். முடக்குவாதத்துக்கான எதிர்ப்பொருள்கள், புகைபிடிப்பவர்களின் நுரையீரலிலேயே முளைவிடக்கூடும் என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் பின்னர் காட்டினார்கள். ஆகவே முடக்குவாதக்காரருக்கு வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் விடாமல் இருந்தால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் நெஞ்சையும் பார்க்க வேண்டும்.

இங்கே எனக்கு ஓர் ஆசை. வேலூர் சி.எம்.சி.யின் சமுதாய மருத்துவத் துறை எங்கள் கணியம்பாடி ஒன்றியத்தில் பல பத்தாண்டுகளாக வீடு வீடாகப் பிறப்பையும் இறப்பையும் பதிந்து வருகிறது. நோயாளியின் சி.ஆர்.பி. எண்ணோடு, விறகடுப்பில் சமைத்து வயலில் வேலை செய்யும் நலமானவரின் எண்ணையும் இங்கேயே ஆண்டுக்கணக்கில் அளந்து வைக்க இதைவிடத் தோதான இடம் எது?

ஓர் எச்சரிக்கை. முடக்குவாதத்துக்குப் போடும் டோசிலிசுமாப் ஊசி இன்டர்லூகின்-6இன் சேதியையே தடுக்கிறது. அதைப் போட்டவருக்கு நிமோனியா வந்தாலும் சி.ஆர்.பி. ஏறாமல் இருக்கலாம். காய்ச்சலென்று எந்த மருத்துவரிடம் போனாலும், சீட்டை நீட்டுவதற்கு முன் அந்த ஊசியைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்.