எஞ்சின் கொட்டகையின் சூடு

தெமட்டகொடை ரயில் எஞ்சின் கொட்டகையில் வாப்பாவுக்கு வேலை. கரண்ட் போன ஓர் இரவில் என்னை அங்கே கூட்டிப்போய், "மகள், கைய நீட்டுங்க. எஞ்சின் எங்க நிக்குதெண்டு சொல்லுங்க" என்றார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, உள்ளங்கைக்குத் தெரிந்தது. பிறகு பௌதிகவியல் ஆசிரியையாகி, அகச்சிவப்புக் கதிர்களைப் பற்றிய பாடத்தை அந்தச் சூட்டிலிருந்துதான் தொடங்கிவந்தேன்.

1983 ஜனவரியில் ஏவப்பட்ட ஐராஸ் செய்மதி, வானத்தை நோக்கி அப்படித்தான் கைநீட்டியது. தரையிலிருந்து இந்தக் கதிர்களைப் பார்ப்பது கடினம். காற்றிலுள்ள நீராவி பெரும்பகுதியை விழுங்கிவிடும். காற்றும் தொலைநோக்கியும் தாமே சூட்டை வீசும். ஆகவே ஐராஸை விண்வெளிக்கு அனுப்பி, அதன் தொலைநோக்கியைத் திரவ ஹீலியத்தால் குளிரவைத்தார்கள். பத்து மாதத்தில் ஹீலியம் தீர்ந்தது. அதற்குள், வேகா நட்சத்திரத்திடமிருந்து எதிர்பார்த்ததைவிட அதிக அகச்சிவப்பு வருவதைக் கண்டது. அதைச் சுற்றித் தூசி இருந்தது. கோள்களை உருவாக்கும் வகைப் பொருட்கள் ஒன்றோடொன்று மோதி நொறுங்கி எழுந்த தூசி அது.

எச்.ஆர். 4796ஏ என்ற நட்சத்திரத்திலும் ஐராஸ் இதே மிகையைக் காட்டியது. 1998இல் சிலி நாட்டிலிருந்து அதன் தூசித் தட்டைப் படமெடுத்த குழுவில் ஒருவர் ரே ஜயவர்தன. கொழும்பில் வளர்ந்தவர். 2024இல் அவருடைய குழு வெப் விண்வெளித் தொலைநோக்கியால் கண்ட, எந்தச் சூரியனையும் சுற்றாத, வியாழனைப் போல் 5 முதல் 10 மடங்கு நிறையுள்ள ஆறு உலகங்களை அறிவித்தது. என் வகுப்பில் கேட்டேன். ஒரு பிள்ளைக்கும் அவர் பெயர் தெரியவில்லை. எனக்கு அது வலித்தது.

அவர் பயன்படுத்திய வெப் என் பிள்ளைகளுக்கும் எட்டும். அது எடுக்கும் தரவுகளில் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் எவருக்கும் இலவசம். பாடசாலைக் கணினி ஒன்று போதும். பிள்ளைகளுக்கு வேண்டியது, அவற்றைத் திறந்து பார்க்கச் சொல்லித்தரும் தமிழ்க் கையேடு. கல்வி அமைச்சும் மொறட்டுவை ஆதர் சி. கிளார்க் நிறுவகமும் சேர்ந்து அதை எழுதுவித்துத் தமிழ்மொழிப் பாடசாலைகளுக்கு அனுப்பவேண்டும். புதுத் தொலைநோக்கி வரட்டும் என்று காத்திருந்தால் இன்னொரு தலைமுறை போய்விடும்.

வேகாவின் தூசி ஏறத்தாழ மறை 188 பாகை செல்சியஸ் என்று சொன்னதும் ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், அவ்வளவு குளிரை எப்படிச் சூடு எண்டு சொல்றது?" ஒரு பொருள் எந்த அலைநீளத்தில் மிக அதிகமாகக் கதிர்வீசும் என்பதை அதன் வெப்பநிலையிலிருந்து சொல்லும் வீனின் விதியை அவள் உயர்தரப் பரீட்சைக்காகப் பாடமாக்கி வைத்திருந்தாள். கரும்பலகைக்கு வந்து அந்த வெப்பநிலையை, அதாவது 85 கெல்வினை, அதில் இட்டுப் பார்க்கச் சொன்னேன். 34 மைக்ரோன் வந்தது, அகச்சிவப்பு. திரும்பி இன்னொரு தடவை கணக்குப் பார்த்தாள்.