பொத்தானின் பெயரும் தமிழில் இருக்க வேண்டும்

ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை, சாய்தளமும் மின்தூக்கியும் பற்றியது என்று நம் துறையில் பலர் ஒதுக்கிவிட்டார்கள். அது தவறு. மாற்றுத்திறனாளிகள் உரிமை விதிகள் 2017-இன் 15(1)ஆம் விதியைத் தாய்ச் சட்டத்துக்கு முரணானது என்று அந்தத் தீர்ப்பு செல்லாததாக்கியது. சட்டம் கட்டாயமாக்கியதை விதி பரிந்துரையாக நீர்த்துப்போகச் செய்துவிட்டது என்பதே காரணம். 2023-இல் தகவல் தொழில்நுட்ப அணுகல்தன்மைக்கான ஐஎஸ் 17802 தரநிலை சேர்க்கப்பட்டதும் அதே விதியில்தான். அந்தத் தரநிலை டெஸ்க்டாப் மென்பொருளையும் தழுவியது. பிறகு 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் தீர்ப்பு, எண்மச் சேவைகளை அணுகுவதை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் கொண்டுவந்தது. இனி அணுகல்தன்மையை 'அடுத்த வெர்ஷனில் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிவைக்க முடியாது.

வேலையை எங்கே தொடங்குவது? உங்கள் பொதுக் கண்ட்ரோல் நூலகத்தில் உள்ள ஐகான்-எழுத்துப் பொத்தானில் தொடங்குங்கள். ஒரே டெம்ப்ளேட் எல்லாத் திரைகளிலும் பயன்படுவதால், அதன் குறையும் எல்லாத் திரைகளிலும் இருக்கும்.

டபிள்யூபிஎஃப்-இல் பொத்தானுக்குள் ஸ்டாக்பேனல், அதற்குள் இமேஜ், டெக்ஸ்ட்பிளாக் என்று அடுக்குவது வழக்கம். பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் கன்டென்ட் வெறும் ஸ்ட்ரிங்காக இல்லாததால் யூஐ ஆட்டோமேஷனுக்குப் பெயர் போய்ச் சேராது. திரைவாசிப்பான் 'பட்டன்' என்று மட்டும் சொல்லும். டெக்ஸ்ட்பிளாக்குக்கு அடிக்கோட்டின் பொருள் தெரியாது என்பதால் ஆல்ட் விசையும் வேலை செய்யாது. அங்கே அக்சஸ்டெக்ஸ்ட் வேண்டும். க்யூட்டி-யில் டூல்பட்டன் இயல்பாகவே ஐகானை மட்டும் காட்டும். ஆனாலும் செட்டெக்ஸ்ட் கொடுத்துவிடுங்கள், பெயர் அதிலிருந்து கிடைக்கும். ஜிடிகே 4-இல் பழைய செட்-இமேஜ் இல்லை. லிப்அட்வைட்டாவின் பட்டன்கன்டென்ட்டைப் பயன்படுத்தலாம்.

இதெல்லாம் எளிதில் தீரும். எங்களை வாட்டுவது இதைத் தீர்க்கும் விதம். சோதனையில் 'பெயர் இல்லை' என்று வந்ததும், ஸாமலில் ஆட்டோமேஷன் நேம் ப்ராப்பர்ட்டியில் 'பிரிண்ட்' என்று ஆங்கிலத்தில் நேரடியாக எழுதிவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் எழுத்து ரிசோர்ஸ் கோப்பிலிருந்து வருகிறது. அது 'அச்சிடு' என்று மாறுகிறது. நேம் மாறுவதில்லை. பார்வையுள்ளவர் 'அச்சிடு' என்று படிக்கும் அதே பொத்தானை, பார்வையற்றவர் 'பிரிண்ட்' என்று கேட்கிறார். பிரெய்ல் காட்டியிலும் அதே ஆங்கிலம்தான் வருகிறது. தமிழ்க் குரல் இல்லை என்ற சாக்கும் செல்லாது. என்விடிஏ-வோடு வரும் ஈஸ்பீக் என்ஜி தமிழ் பேசும்.

திரையில் தெரியும் எழுத்து பெயரிலும் இருக்க வேண்டும் என்று டபிள்யூசிஏஜி 2.1 சொல்கிறது. 2.5.3ஆம் அளவுகோல் அது. அடிப்படையான 'ஏ' நிலையிலேயே இருக்கிறது. தமிழ் எழுத்துக்கு ஆங்கிலப் பெயர் என்பது நேரடியான மீறல். ஆனால் அக்சசிபிலிட்டி இன்சைட்ஸ் போன்ற கருவிகள் பெயர் காலியா என்று பார்க்குமே தவிர, அது எந்த மொழியில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. கருவியின் அறிக்கையை மட்டும் வாங்கிச் சான்றிதழ் கொடுப்பவர்களும் பார்ப்பதில்லை.

தமிழ்நாட்டின் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது 1956-இல். இன்றும் அரசு மென்பொருளுக்கான ஒப்பந்தப்புள்ளிகளில் 'தமிழ் இடைமுகம்' என்ற இரண்டு சொற்களுக்கு மேல் நாங்கள் கண்டது மிகக் குறைவு. யாருக்குத் தமிழ்? பார்வையற்ற எழுத்தருக்கு அந்த இடைமுகத்தில் தமிழே இல்லை. பொத்தானின் உயரத்தை ஆங்கில எழுத்துக்கு அளந்து வைத்து, 'கீ'யின் மேற்சுழியும் 'கூ'வின் கீழ்வளைவும் வெட்டுப்பட்டுத் தெரியும் திரைகளை ஏற்றுக்கொண்டு கையெழுத்திடும் அதிகாரிகளிடம் இதை எப்படி எதிர்பார்ப்பது? அணுகல்தன்மைக்காக உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்த நாட்டில், செல்லாததான விதிக்குப் பதிலான புதிய விதியில் 'காட்டப்படும் மொழியிலேயே பெயர்' என்ற ஒரு வரியைச் சேர்க்க இன்னொரு வழக்கு வேண்டுமா? இந்தப் பக்கத்தில் பலமுறை கேட்டுவிட்டோம். பதில் இல்லை.

அரசு சொல்லட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. பொத்தானுக்கு ஒரே ஒரு டெக்ஸ்ட் ப்ராப்பர்ட்டி வையுங்கள். திரையில் தெரியும் எழுத்து, ஆட்டோமேஷன் பெயர், ஆல்ட் விசை மூன்றும் அதிலிருந்தே வரட்டும். ஐகான் அலங்காரம் மட்டுமே என்றால் ஆட்டோமேஷன் மரத்திலிருந்து அதை விலக்குங்கள். ஆல்ட் விசைக்குக் க்நோம் தமிழாக்கத்தில் செய்வதுபோல் அடைப்புக்குறிக்குள் ஓர் ஆங்கில எழுத்தைச் சேர்த்தால், பெயருக்குப் போகும்போது அதை நீக்கிவிடுங்கள். அகலத்தையும் உயரத்தையும் எண்ணில் கட்டிவைக்காதீர்கள். வெளியிடும் முன் திரைவாசிப்பானைத் தமிழ்க் குரலில் வைத்து, டேப் விசையால் எல்லாத் திரைகளையும் ஒருமுறை சுற்றி வாருங்கள். தமிழ்ப் பொத்தானில் ஆங்கிலப் பெயர் கேட்டால், அந்த வெளியீட்டை நிறுத்துங்கள்.