ஸ்டீம் வருது, காப்பி வரலை

'எக்ஸ்பிரஸோ' என்றால் என்ன என்று தமிழ்நாட்டில் கல்யாண மண்டபத்துக்குப் போன எல்லோருக்கும் தெரியும். வாசலில் சந்தனம், கல்கண்டு எல்லாம் தாண்டி உள்ளே போனால் ஒரு மூலையில் பளபளவென்று எவர்சில்வர் பாய்லர் நிற்கும். பக்கத்தில் கேஸ் சிலிண்டர். ஒரு ஆள் ஜக்கில் பாலை வைத்துக்கொண்டு, குழாயை அதற்குள் விட்டுத் திருகுவார். 'புஸ்ஸ்ஸ்...' என்று கரி ரயில் புறப்படுகிற மாதிரி சத்தம். நுரை பொங்கும். மேலாக ஒரு சிட்டிகை சாக்லெட் பொடி தூவிக் கையில் கொடுப்பார். சம்பந்தி வீட்டுக்காரர்கள் ஆளுக்கு மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, 'சர்க்கரை கொஞ்சம் தூக்கல்' என்பார்கள்.

இதில் ஒரே ஒரு சிக்கல். அது எக்ஸ்பிரஸோ இல்லை. இன்ஸ்டன்ட் பொடி கலந்த பாலுக்கு ஆவி பிடிக்கிறார்கள், ஜலதோஷக்காரனுக்குப் பிடிக்கிற மாதிரி. அவ்வளவுதான்.

இத்தாலிக்காரன் சொல்கிற எக்ஸ்பிரஸோ வேறு சமாசாரம். 18 கிராம் பொடியை ஒரு சின்னக் கிண்ணத்தில் இறுக்கி அடைத்து, 90 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரை, காற்றழுத்தத்தைப் போல 9 மடங்கு அழுத்தத்தில் அதன் வழியாகத் தள்ள வேண்டும். 25, 30 செகண்டில் இரண்டு வாய்க்குக் கெட்டியாக, மேலே தேன் நிறத்தில் ஓர் ஆடையோடு இறங்கும். மிலானில் லூயிஜி பெஸெரா என்பவர் 1901-ல் பேடன்ட் கேட்டு மனுப் போட்டபோது, அந்த மிஷினில் வெறும் ஆவியின் அழுத்தம்தான். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு காஜியா என்கிற இன்னொரு மிலான்காரர் கைப்பிடியும் ஸ்பிரிங்கும் வைத்து அமுக்கினார். அப்போதுதான் அந்த ஆடை வந்தது. நம்முடைய பில்டருக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது. அங்கே அழுத்தம் கொடுப்பது பூமாதேவி. மேலிருந்து கீழே விழ வேண்டும், அவ்வளவுதான். அரை மணியானாலும் அவளுக்கு அவசரமில்லை, காத்திருக்கிற நமக்குத்தான்.

நிற்க. எனக்கு இத்தனை இத்தாலி ஞானம் வந்ததற்கு என் அத்தான்தான் காரணம். துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் 34 வருஷம் ஃபிட்டராக இருந்து ரிடையரானவர். திருவெறும்பூரில் 'பெல்' பாய்லர் தொழிற்சாலை வந்த பிறகு அந்த வட்டாரத்தில் முளைத்த எத்தனையோ பட்டறைகளில் அதுவும் ஒன்று. அனல் மின் நிலைய பாய்லர்களில் 150 மடங்கு அழுத்தமெல்லாம் சர்வசாதாரணம். அந்தப் பக்கத்திலேயே காலம் தள்ளியவரிடம் போய் நான் 9 என்று சொன்னால்?

"ஒம்பதெல்லாம் ஒரு பிரஷரா மாப்ளே? எனக்கே அதைவிட ஜாஸ்தி இருக்கு" என்றார்.

விஷயம் இதுதான். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஒரு இளம் தம்பதி வீட்டைக் காலி செய்துகொண்டு ஹைதராபாத் போகிறார்கள். அவர்களிடம் வீட்டு உபயோக எக்ஸ்பிரஸோ மிஷின் ஒன்று. புதுசு 40,000-த்துக்கு மேல். பழசுக்கு 14,000 கேட்டார்கள். "சின்ன ரிப்பேர்தான் சார். ஸ்டீம் வருது, காப்பிதான் வரலை."

'கார் நல்லா இருக்கு, நகரத்தான் மாட்டேங்குது' என்கிற மாதிரி இருக்கிறதே என்று எனக்குப் பட்டது. ஆனால் அத்தானுக்கு 'ரிப்பேர்' என்ற வார்த்தை காதில் விழுந்தால் போதும், முகத்தில் ஐந்து வயது குறைந்துவிடும். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

மிஷினைப் போட்டுக் காட்டினார்கள். ஐந்து நிமிஷத்தில் குழாயில் ஆவி வந்தது, மண்டபத்து 'புஸ்' மாதிரியே. காப்பி சுவிட்சைத் தட்டினால் உள்ளே பம்ப் 'டர்ர்ர்' என்று உறுமுகிறது. ஒரு சொட்டு இறங்கவில்லை.

அத்தான் ஒன்றும் பேசவில்லை. ஆவிக் குழாயின் திருகைத் திறந்துவிட்டு, ஆவிக்கு உண்டான சுவிட்சை அணைத்துவிட்டு, பம்பை மட்டும் ஓடவிட்டார். குழாய் வழியாக வெந்நீர் கொட்டியது. ஒரு டம்ளர் நிறையப் பிடித்தார். பழைய மிஷின் வாங்க நினைக்கிற யாரும் இந்த ஒரு பரீட்சையைச் செய்துவிட வேண்டும். ஆவி வந்தால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. குழாயில் வெந்நீர் பீய்ச்சினால் பம்பும் உயிரோடு இருக்கிறது. மிச்சமிருப்பது பாய்லருக்கும் காப்பிக் கிண்ணத்துக்கும் நடுவில் உள்ள பாதை மட்டும்தான்.

வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பும்போது அவர் சொன்னது இன்னும் தெளிவு. "மேட்டூர்ல தண்ணி இருக்கு. கல்லணையிலயும் தெறந்துவிட்டிருக்கான். கடைமடைக்கு வரலை. ஏன்? வாய்க்கால்ல தூர் வாரலை!"

தஞ்சாவூர்க்காரனுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரைக் காய்ச்சுகிற பாத்திரத்தின் அடியைப் பார்த்தால் தெரியும், வெள்ளைவெளேரென்று சுண்ணாம்பு மாதிரிப் படிந்திருக்கும். அதே படிவுதான் மிஷினுக்குள் பென்சில் முனை அளவு துவாரங்களில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சோலனாய்டு வால்வு என்று ஒன்று இருக்கிறது, அந்த ஊரின் மதகு. பெரும்பாலும் அதுதான் முதலில் அடைத்துக்கொள்ளும். கழற்றி, சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஊறவைத்து, கழுவி மாட்டினால் திறந்துகொள்ளும். செலவு சொற்பம். ஆனால் பாய்லர் பித்தளையா அலுமினியமா என்று பார்த்துக்கொண்டு ஆசிட்டை எடுக்க வேண்டும். பித்தளை தாங்கும். அலுமினியத்தை ஆசிட் அரித்துவிடும். ரப்பர் கேஸ்கட் இறுகிப் போயிருந்தால் மாற்றுவது லேசு. எலெக்ட்ரானிக் போர்டு போயிருந்தால்? கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம்.

அடியில் ஒட்டியிருக்கிற லேபிளையும் குனிந்து பார்க்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த மிஷின் என்றால் 120 வோல்ட். அதை நம் ஊர் 230-ல் நேராகச் சொருகினால் ஹீட்டர் மூன்றரை மடங்குக்கு மேல் சூடு கிளப்பும். அப்புறம் காப்பி வாசனை வராது, வேறு வாசனை வரும்.

ஆக, மிஷின் பாஸ். இத்தோடு முடிந்திருந்தால் நானும் வாங்குங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் விற்கிறவர்கள் யாரும் சொல்லாத ஒரு செலவு பின்னால் வருகிறது. பொடி!

நாம் கடையில் போய் 'பீபரியும் பிளான்டேஷன் ஏ-யும் பாதிப் பாதி, சிக்கரி இருபது' என்று சொல்லி அரைத்து வாங்குகிறோமே, அது பில்டருக்காகப் பிறந்த பொடி. (கலவையில் காப்பி 51 சதவீதம் இருந்தாலே போதும் என்பது நம் சட்டம். டெல்டாவில் அந்த விகிதத்தில் காப்பி கொடுத்தால் உறவு முறிந்துவிடும்.) எக்ஸ்பிரஸோவுக்கு இதைவிட நைஸாக வேண்டும். நேற்று சரியாக இருந்த அரைப்பு இன்றைக்குச் சரியாக இருக்காது, மயிரிழை மயிரிழையாகத் திருகிச் சரிசெய்ய வேண்டும். சிக்கரி தண்ணீர் பட்டதும் இளகி இறுகிக்கொள்ளும், ஒன்பது மடங்கு அழுத்தத்திலும் அடைத்துக்கொண்டு நிற்கும். ஆகவே தனிக் கொட்டை, தனி கிரைண்டர். உருப்படியான கிரைண்டர் மிஷினின் பழைய விலைக்குச் சமமாக வந்து நிற்கிறது. தவிர, ஒரு தடவைக்கு 18 கிராம் என்றால் அரைக் கிலோ 27 தடவைக்குத்தான் வரும். இரண்டு பேர், இரண்டு வேளை. ஒரு வாரம் தாண்டாது.

அத்தான் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டார். மிஷின் 14, கிரைண்டர் 12, ரிப்பேர் 2. மொத்தம் 28,000. ஓட்டலில் காப்பி 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,400 காப்பி. தினம் நாலு வீதம் ஒரு வருஷத்தில் போட்ட காசு திரும்பிவிடும் என்றார்.

உள்ளேயிருந்து அக்கா குரல் வந்தது. "ஏங்க, இந்த வீட்டுல காப்பிக்கு என்னிக்காவது இருவது ரூபா குடுத்திருக்கீங்களா?"

38 வருஷமாக விடியற்காலை ஐந்து மணிக்கு அடுப்பங்கரை லைட் போடுகிறவள் அக்கா. அவளுடைய பித்தளை பில்டர் கும்பகோணத்தில் வாங்கியது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது அவர்கள் ஒரத்தநாட்டுப் பக்கம் இருந்தார்கள். தென்னை மொத்தமும் சாய்ந்து கிடந்தது. இருபது நாள் கரண்ட் இல்லை. பால் கிடைக்காத நாளில்கூட வெல்லம் போட்டுக் கடுங்காப்பி கொடுத்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அதைத்தான் குடித்தார்கள். பில்டருக்கு வேண்டியது விறகு மட்டும். அந்த நியாயத்துக்கு எதிராக எந்த இத்தாலி மிஷினும் வாய் திறக்க முடியாது.

ஆனாலும் 'நம்ம பழக்கம்' என்று பில்டரை ரொம்பவும் தூக்கி வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு காலத்தில் நீராகாரத்தைத் துரத்திவிட்டு வந்த புது மாட்டுப்பெண்தான் காப்பி. 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்று ஆ.இரா. வேங்கடாசலபதி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். பில்டர் உள்ளே வந்தபோதும் திண்ணையில் யாராவது ஒரு தாத்தா முணுமுணுத்திருப்பார்.

அத்தானை ஓரங்கட்டி, "நிஜமா எதுக்கு இது?" என்று கேட்டேன்.

கொஞ்சம் தயங்கினார். "ஒங்க அக்காவுக்கு ரெண்டு வருஷமா வெரல் மூட்டெல்லாம் வீக்கம், தெரியும்ல? காலைல பில்டரோட மேலடுக்கு இறுகிக்கிட்டா கழட்ட முடியலை. துணியைச் சுத்தித் திருகுறா. என்னைக் கூப்பிட மாட்டா. மிஷின்னா சுவிட்சைத் தட்டினாப் போதுமேன்னு பார்த்தேன்."

இதற்குப் பதில் சொல்லத்தான் எனக்குச் சங்கடமாக இருந்தது. சுவிட்ச் கடைசியில்தான் வரும். அதற்கு முன் பொடியைக் கட்டையால் பலங்கொண்ட மட்டும் அமுக்க வேண்டும். பிறகு அந்தக் கனமான கைப்பிடியை மாட்டி மணிக்கட்டால் இறுக்கித் திருப்ப வேண்டும், முடிந்ததும் மறுபடி கழற்றித் தட்டிக் கொட்ட வேண்டும். பில்டரைவிட இதற்குத்தான் விரல் பலம் ஜாஸ்தி வேண்டும். வலிக்கிற கைக்கு இதை வாங்கிக் கொடுப்பது, முழங்கால் வலிக்கிறது என்பவளுக்கு மாடி வீடு பார்த்துக் கொடுக்கிற மாதிரி.

"அவ எதுக்கு மாப்ளே போடணும்? நான் போடுறேன்" என்றார் அத்தான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

அக்காவுக்குக் காது ரொம்பக் கூர்மை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். "தம்பி, நீதான் சாட்சி. வாங்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா காலைல அஞ்சு மணிக்கு அவர் எந்திரிச்சுப் போட்டு எனக்கு ஒரு டம்ளர் கொண்டாந்து குடுக்கணும். அதுவரைக்கும் இந்த பில்டர்லயே பழகட்டும். மிஷின் வர்ற அன்னிக்கு இதைப் பரண்ல போட்டுடறேன்."

போன வாரம் விற்கிறவர்கள் 14,000-த்திலிருந்து 9,000-த்துக்கு இறங்கிவிட்டார்கள். ஹைதராபாத்துக்கு லாரி வருகிற தேதி நெருங்குகிறது. அத்தான் ராத்திரி எனக்குப் போன் செய்தார். குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது.

"மாப்ளே, நாலு நாளா நான்தான் பில்டர்ல போடுறேன். டிகாக்ஷன் பரவாயில்லைங்கிறா. அவங்க ஒம்போதுக்கு இறங்கிட்டாங்க... இவளை அஞ்சரைக்கு இறங்கச் சொல்லி நீ கொஞ்சம் பேசிப் பாரேன்?"