எங்களுக்கு மட்டும்தான் கெடுவா?

விடியக்காலம் காசிமேட்டு ஏலத்துல மீன் எடுத்து, திருவொற்றியூர்ல தெருத்தெருவா விக்கிறவ நான். ஐஸ் போட ஒரு மணி நேரம் தாமதமானா சங்கரா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். நாள் தள்ளினா வயித்துல வளர்றது காத்துக்கிட்டு நிக்காதுன்னு இவ்வளவு படிச்சவங்களுக்குத் தெரியாதா?

என் பொண்ணுக்கு அப்போ 15 வயசு. நான் ஏலத்துக்குப் போற நேரம் பாத்து வீட்டுக்குள்ள வந்தான் ஒருத்தன். வெளியாள் இல்ல. என்னை அக்கான்னு கூப்பிட்டு, என் கையால சோறு வாங்கித் தின்னவன். வெளிய சொன்னா தம்பியைக் கொன்னுடுவேன்னு மிரட்டியிருக்கான். பிள்ளை வாயே திறக்கல. ஒரு நாள் அவ துணி மாத்தறப்போ வயித்தைப் பாத்தேன். பெத்த கண்ணுக்கே இத்தனை நாள் தெரியலையேன்னு இன்னிக்கும் தலையில அடிச்சுக்கிறேன்.

ஸ்கேன்ல 21 வாரம்னாங்க. கலைக்கணும்னு ஆஸ்பத்திரியில கேட்டா, எஃப்.ஐ.ஆர். போட்டுட்டு வாங்கன்னாங்க. ஸ்டேஷனுக்குப் போனா, இது எங்க எல்லை இல்லன்னாங்க. அடுத்த ஸ்டேஷன்ல, டாக்டர் சீட்டு எங்கன்னாங்க. சீட்டுக்குப் போனா, பெரிய டாக்டர் திங்கக்கிழமைதான் வருவாங்கன்னாங்க. திங்கக்கிழமை போனா, கோர்ட் உத்தரவு வேணும்னாங்க. போன எடத்துல எல்லாம் முதல்லருந்து சொல்ல வெச்சாங்க. ஏன் கத்தலன்னு ஒருத்தர். ஏன் இத்தனை நாள் மறைச்சேன்னு இன்னொருத்தர். அவனைக் கேக்க வேண்டியதை எல்லாம் என் பிள்ளையைக் கேட்டாங்க.

25வது வாரம் வந்துடுச்சு. 24 தாண்டிடுச்சேம்மா, சட்டத்துல இடம் இல்லையேன்னு கைய விரிச்சாங்க. தாண்ட வெச்சது யாரு?

வக்கீலம்மா ஒருத்தங்க ஹைகோர்ட் வரைக்கும் ஓடினாங்க. மருத்துவக் குழு பாத்துட்டு, இனிமே கலைச்சா இவ உயிருக்கே ஆபத்துன்னு எழுதிடுச்சு. பத்தாவது பரீட்சை எழுத வேண்டிய மாசத்துல பிரசவ வார்டுல கிடந்தா. குழந்தையை அரசாங்கத்துக்கிட்ட ஒப்படைச்சோம். பால் கட்டி அவ துடிச்ச ராத்திரியை எந்த ஃபைல்ல எழுதி வெச்சிருக்கீங்க?

எல்லாம் முடிஞ்சப்புறம்தான் சட்டத்தைப் படிச்சுக் காட்டினாங்க வக்கீலம்மா. 1971ல வந்த கருக்கலைப்புச் சட்டமாம். 2021ல திருத்தி, கெடுக்கப்பட்டவங்களுக்கும் 18 வயசு நிரம்பாத பிள்ளைங்களுக்கும் 24 வாரம் வரைக்கும் இடம் குடுத்திருக்காங்களாம். ரெண்டு டாக்டர் சம்மதமும் பெத்தவங்க கையெழுத்தும் போதுமாம். கோர்ட்டே வேணாமாம். போலீசுக்குச் சொல்றது ஆஸ்பத்திரி கடமையாம். அப்போ எங்களை நாயா அலைய விட்டது எந்தச் சட்டம்?

கருவுக்குப் பெரிய குறை இருந்தா 24 தாண்டியும் கலைக்கலாமாம். என் பொண்ணு வாழ்க்கை குறைப்பட்டுப் போனது கணக்குலயே வராதா? 2017ல சண்டிகர்ல ஒரு பத்து வயசுப் பிள்ளைக்கு 32 வாரம் ஆயிடுச்சுன்னு சுப்ரீம் கோர்ட்டே மறுத்துடுச்சு. வயித்துல கல்லு இருக்குன்னு அந்தப் பிள்ளைகிட்ட சொல்லி வெச்சிருந்தாங்களாம். பத்து வயசு!

சீக்கிரமே வந்திருக்கலாமேன்னு சொல்றீங்க. எந்த தைரியத்துல ஸ்டேஷன் படி ஏறுவோம்? வண்ணாரப்பேட்டையில ஒரு சின்னப் பிள்ளையைச் சீரழிச்ச வழக்குல, 2022ல தண்டனை வாங்கின 21 பேர்ல எண்ணூர் இன்ஸ்பெக்டரா இருந்தவரும் ஒருத்தர்தானே?

எங்க வாரத்தை எல்லாரும் எண்ணினீங்க. நீங்க எங்களை அலைய விட்ட நாளை யாராவது எண்ணினீங்களா? எங்களுக்கு மட்டும் கெடு. உங்களுக்குக் கெடுவே இல்லையா?

நாளைக்கும் ஒரு அம்மா பிள்ளையைக் கூட்டிக்கிட்டு அந்த வரிசையில வந்து நிப்பா. அவகிட்ட எஃப்.ஐ.ஆர். எங்க, சீட்டு எங்கன்னு கேக்காதீங்க சாமி. எத்தனை வாரம்னு மட்டும் கேளுங்க. உள்ள கூட்டிக்கிட்டுப் போங்க. பேப்பரை எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.