கரண்டியைப் பறிக்காதீங்கோ

பக்கவாதம் வந்த அம்மாவுக்கு நாங்கள் முதலில் செய்யிறது, அவவின்ர கையில இருக்கிற கரண்டியைப் பறிக்கிறதுதான். "பாவம், நீங்கள் சும்மா இருங்கோ, நான் தீத்திவிடுறன்." வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இதற்குப் பெயர் பாசம். எனக்கு வீட்டுச்சிறை மாதிரித்தான் படுது.

பிசியோதெரபி எல்லாருக்கும் தெரியும். தொழில்வழிச் சிகிச்சை எண்டால், "வேலை எடுத்துக் குடுப்பினமோ?" எண்டு கேக்கினம். (பெயரும் அப்பிடித்தானே!) இங்கே தொழில் என்பது சம்பளம் மட்டுமில்லை, குளிக்கிறது, உடுக்கிறது, தேத்தண்ணி ஊத்துறது எல்லாம்தான். சட்டை போடேக்க ஏலாத கையை முதலில் நுழைக்க வேண்டும். கழட்டேக்க நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். பலகையில் துருப்பிடிக்காத ரெண்டு ஆணி அடிச்சு வெங்காயத்தைக் குத்திவிட்டால் ஒரு கையாலயே வெட்டலாம். கை பழையபடி வராவிட்டாலும் சமையல் திரும்பி வரும்.

2006ஆம் ஆண்டு அணுகல் ஒழுங்குவிதிகளைக் காட்டி அரசாங்கத்தைத் திட்டுறம், சரி. எங்கட பிளட் பாத்ரூமில ஒரு கைபிடி இருக்கோ?

கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் ராகமை புனர்வாழ்வு வைத்தியசாலையிலும் இந்தச் சிகிச்சை இருக்கு. அதின்ர தொடக்கமே ஒரு கேள்வி: "நீங்கள் திரும்ப எதைச் செய்ய விரும்புறீங்கள்?" தமிழ் மட்டும் தெரிஞ்ச அம்மாவிடம் அதைத் தமிழில்தான் கேட்க வேண்டும். 1987இலேயே தமிழ் அரச கரும மொழியாகிவிட்டது. பிறகேன் மகன் குறுக்க நிண்டு சிங்களத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கு? அம்மாவுக்குத் திருவலையில இருந்து தேங்காய் திருவத்தான் ஆசை எண்டது அவருக்குத் தெரியுமோ?