எரிந்த கரி எங்கே?

என் இளமையில் எங்கள் ஊருக்கு மின்விளக்கு வரவில்லை. விறகடுப்பிலே சமையல்; சிம்னி விளக்கின் ஒளியிலே படிப்பு. விடியற்காலையில் என் அன்னையார் அடுப்புச் சாம்பலை வாரி எருக்குழியில் கொட்டுவார். முதல்நாள் மாலை நான் தலையில் சுமந்து வந்த விறகுக்கட்டு ஒரு முறச் சாம்பலாய்க் குறைந்திருக்கும். "மீதி எங்கே அம்மா?" என்று ஒருநாள் கேட்டேன். "எரிந்து போயிற்று" என்றார். அவ்விடை அன்று எனக்குப் போதியதாயிருந்தது. எரிந்தது என்றால் இல்லாமற் போயிற்று என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். ஆலை நடத்துவோரும் நாடாள்வோரும் நிலக்கரியைப் பற்றி இவ்வாறே எண்ணி வந்தனர் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

மாணவர்களே, எரிந்த பொருள் அழிவதில்லை. அஃது உருமாறி இடம் பெயர்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணிற் புதைந்த மரஞ்செடிகளே இறுகி நிலக்கரியாயின. அதன் பெரும்பகுதி கார்பன் என்னும் கரியம். 12 கிலோ கரியம் முற்றும் எரியுங்கால், காற்றிலுள்ள 32 கிலோ ஆக்சிஜனோடு கூடி, 44 கிலோ கரியமிலவாயுவாக மாறுகிறது. எரித்ததனால் எடை குறைந்ததா? மும்மடங்குக்கு மேலாகக் கூடியன்றோ நிற்கிறது! கரியிலுள்ள கந்தகமும் எரிந்து நச்சுவாயுவாகிறது. சிறிதளவு பாதரசமும் ஆவியாய்ப் பறக்கிறது. எரியாத மண்பகுதி சாம்பலாகிறது. நம் நாட்டு நிலக்கரியில் அது நூற்றுக்கு முப்பது பங்குக்கு மேலும் இருப்பதுண்டு. இவையெல்லாம் எங்கேனும் சென்று தங்கியே ஆகவேண்டும்.

இங்கிலாந்து நாட்டின் தலைநகராகிய இலண்டன் மாநகர், இவ்வுண்மையைத் தன் உயிர்களைக் கொடுத்துக் கற்றது. 1952-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 5-ஆம் நாள் அந்நகரிற் கடுங்குளிர். வீடுதோறும் கணப்புகளிற் கரி எரிந்தது. பெரும் போரால் பொருள்வளம் குன்றியிருந்த அந்நாடு, நல்ல கரியை வெளிநாடுகளுக்கு விற்றுவிட்டு, மட்டமான கரித்தூளையே தன் மக்களுக்கு மலிவாகக் கொடுத்திருந்தது. நகரினுள்ளே மின்நிலையங்களின் புகைபோக்கிகளும் ஓயாது புகைத்தன. அந்நாளிற் காற்று வீசவில்லை. தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின்மேல் வெப்பக் காற்று, பானைமேல் மூடி கவிழ்த்தாற்போலக் கவிந்து நின்றது. மேலே செல்ல வழியின்றிப் புகை பனியோடு கலந்து தெருக்களிற் படிந்தது.

ஐந்து நாள் அவ்வாறு இருந்தது. பேருந்துகளின் முன்னே நடத்துநர் விளக்கேந்தி நடந்து வழிகாட்டினார். பின்னர் அவையும் நின்றன. நாடக அரங்கொன்றிற் புகை உள்ளே புகுந்தமையால், நடந்துகொண்டிருந்த இசைநாடகம் இடையிலே நிறுத்தப்பட்டது. கால்நடைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்த கொழுத்த மாடுகள் மூச்சுத்திணறி மாண்டன. மாடுகள் மாண்டதைக் கண்ணாற் கண்ட மக்கள், அண்டைவீட்டு முதியவரும் கைக்குழந்தையும் அதே புகையால் இறந்துகொண்டிருந்ததை உணரவில்லை. பிணப்பெட்டிகளும் மலர்வளையங்களும் கிடைப்பது அரிதானபோதே நேர்ந்தது இன்னதென்று பலர்க்கும் விளங்கிற்று என்பர். அன்று எடுத்த கணக்கின்படி இறந்தோர் ஏறத்தாழ 4,000 பேர். நெடுநாள் கழித்து ஆராய்ந்தோர் 12,000 வரையிலும் இருக்கலாம் எனக் கணித்துள்ளனர்.

1956-இல் அந்நாடு தூய காற்றுச் சட்டம் இயற்றியது. வீடுகளிற் புகையற்ற எரிபொருள் வந்தது. பின்னர் எழுந்த பெரிய மின்நிலையங்கள் நகருக்கு வெளியே, வானளாவிய புகைபோக்கிகளுடன் அமைந்தன. இலண்டன் வானம் தெளிந்தது. நன்று. ஆயினும், அவ்வுயர்ந்த புகைபோக்கிகள் புகையை ஒழித்தனவா?

வட கடலுக்கு அப்பால் உள்ளது நார்வே நாடு. அதன் தென்பகுதியிலுள்ள ஆறுகளிலும் ஏரிகளிலும் மீன்கள் அருகிவந்தன. சில ஆறுகளிற் சால்மன் மீன் அடியோடு அற்றுப்போயிற்று. அண்டைநாடான சுவீடனைச் சேர்ந்த சுவாந்தே ஓடேன் என்னும் அறிஞர், 1967-இல் இதன் காரணத்தை உலகறிய எடுத்துரைத்தார். பிரிட்டனிலும் ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் உயரத்தே விடப்பட்ட கந்தகவாயு, காற்றோடு நூற்றுக்கணக்கான கல்தொலைவு சென்று, மேகநீரிற் கரைந்து அமிலமழையாய் அங்கே பெய்தது. உயர்ந்த புகைபோக்கி புகையை அயலூர்க்கு அனுப்பிற்றே ஒழிய அழிக்கவில்லை. ஏரியில் வெறுங்கையோடு வலையை இழுத்த அந்த மீனவன், தன் மீனைக் கொன்ற கரியைக் கண்டதுமில்லை. அது தந்த வெப்பத்திற் குளிர்காய்ந்ததுமில்லை. 1979-இல் ஜெனீவாவில் நாடுகள் கூடி உடன்படிக்கை செய்தன. கந்தகவாயுவைப் புகைபோக்கியிலேயே தடுத்து நிறுத்தும் முறைகள் பரவிய பின்னரே ஏரிகள் மெல்ல மெல்லத் தேறத் தொடங்கின.

ஈண்டு ஒரு சொல்லைப் பற்றிக் கூறாமற் செல்ல என் தமிழாசிரிய மனம் இடங்கொடுக்கவில்லை. கரி என்பதற்கு அடுப்புக்கரி என்றும் யானை என்றும் பொருள் கொள்வீர்கள். சான்று என்னும் பொருளும் அச்சொல்லுக்குப் பழந்தமிழில் உண்டு. நார்வே ஏரிகளைப் பற்றிப் படிக்குந்தோறும் அப்பொருளே என் நினைவுக்கு வருகிறது.

கரும்புகை கண்ணுக்குத் தெரியும். அமிலமழையோ மீன் செத்தபின் தெரிந்தது. கரியமிலவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது மிகுந்தால் நிலவுலகின் வெப்பம் ஏறும் என்று அர்ரேனியசு என்னும் சுவீடன் நாட்டறிஞர் 1896-லேயே கணித்தார். 1958-இல் ஹவாய்த் தீவின் மலையொன்றில் அவ்வாயுவைத் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து இலட்சம் பங்கில் அது 315 பங்கு இருந்தது. இன்று 420-ஐக் கடந்துவிட்டது. எண்ணெயும் எரிவாயுவும் காடழிப்பும் இதற்குக் காரணமாயினும், எரிபொருள்களுள் நிலக்கரியின் பங்கே பெரிது. இலண்டனில் 1882-இல் கரியால் இயங்கும் பொது மின்நிலையம் முதன்முதல் தோன்றியது. பிரிட்டனின் கடைசிக் கரி மின்நிலையம் 2024 செப்டம்பர் 30-இல் மூடப்பட்டது. அந்த முதல் நிலையம் விட்ட கரியமிலவாயுவில் ஒரு பகுதி இன்னமும் வானிலும் கடலிலும் இருக்கிறது.

இவ்வளவு கூறினும், நிலக்கரியை இகழ எனக்கு வாயெழவில்லை. எங்கள் ஊருக்கு மின்விளக்கு வந்த அன்றிரவு, புகையில்லாத ஒளியில் என் புத்தகத்தை முதன்முதலாகக் கண்ணெரிச்சலின்றிப் படித்தேன். நெய்வேலியில் 1957-இல் பழுப்பு நிலக்கரி தோண்டத் தொடங்கினர். 1962-இல் மின்சாரம் பிறந்தது. அதனால் ஒளிபெற்ற தமிழகச் சிற்றூர்கள் மிகப் பல. அந்நன்றியை மறவேன். ஆனால், "நிலக்கரியே மலிவான எரிபொருள்" என்று சிலர் கூறுவதை நான் ஒப்பேன். விலையிற் பாதியைப் பிறர் பெயரில் எழுதிவிட்டு, எஞ்சிய பாதியை மட்டும் காட்டும் கணக்கு அது.

அந்த மறுபாதி யார் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்று காண நார்வே வரை செல்லவேண்டா. சென்னைக்கு வடக்கே எண்ணூருக்குச் செல்லுங்கள். அனல்மின் நிலையச் சாம்பலை நீரிற் கரைத்துக் குழாய்வழியே குளங்களுக்கு அனுப்புவர். குழாய்கள் உடைந்து, அச்சாம்பற்சேறு கொசத்தலையாற்றிலும் கழிமுகத்திலும் பலமுறை பரவிப் படிந்தது. மீனும் இறாலும் பிடித்துப் பிழைத்த மக்களின் துறையே தூர்ந்து ஆழங்குன்றிற்று. விளக்கு எரிந்தது நம் வீட்டில். சாம்பல் விழுந்தது அவர் ஆற்றில்.

ஆரல்வாய்மொழிக் கணவாயிற் காற்றாலைகள் சுழல்கின்றன. கமுதியில் 2016 முதல் கதிரவன் ஒளியால் மின்சாரம் எடுக்கின்றனர். இவை பெருகவேண்டும். "ஆடியில் வீசும் காற்று மார்கழியிலும் அவ்வாறே வீசுமா? கதிரவன் மாலையில் மறைவானே?" என்று வினவுவோரும் உளர். அவ்வினா பொருளற்றதன்று. ஆதலின் இன்னுஞ் சில ஆண்டுகள் நம் நாட்டிற் கரி எரியத்தான் செய்யும். எரியுமட்டும் அதன் கந்தகவாயு புகைபோக்கியிலேயே தடுக்கப்படவேண்டும். சாம்பல் ஆற்றுக்குப் போகாமற் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் போகவேண்டும். அதற்காகும் செலவை என் மின்கட்டணச் சீட்டில் ஏற்றினாலும் எனக்கு மறுப்பில்லை.