178 வயதுக் கம்பெனி ஒரே இரவில் திவால்! நார்த்தாமலை தப்பியது எப்படி?

புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குப் போகும் வழியில், சுமார் 17 கிலோமீட்டரில் இருக்கிறது நார்த்தாமலை.

மலை என்று பெயர். ஆனால் மரம் அடர்ந்த பெரிய மலை அல்ல. வெயிலில் காயும் மொட்டைப் பாறைக் குன்றுகள். மேலமலை, கடம்பர் மலை, ஆளுருட்டி மலை, கோட்டை மலை என்று ஒவ்வொரு குன்றுக்கும் ஒரு பெயர். அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிச் சென்றபோது உதிர்ந்த துண்டுகள் இவை என்று ஊரில் கதை சொல்வார்கள்.

மேலமலையில் ஏறினால் விஜயாலய சோழீச்சுரம் என்னும் கற்கோயில். தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடிந்தது 1010-ல். அதற்கும் நூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தியது இது. முத்தரையர் குலத்துச் சாத்தன் பூதி கட்டினார். மழையில் இடிந்த அதை மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார். இதைக் கல்வெட்டே சொல்கிறது. எதிரே பாறையைக் குடைந்து செய்த இரண்டு குகைக் கோயில்கள். ஒன்று பழியிலி ஈச்சுரம். இன்னொன்றுக்குச் சமணர் குடகு என்று பெயர். பெயரில்தான் சமணர். உள்ளே போனால் சுவரில் பன்னிரண்டு திருமால்கள் வரிசையாக நிற்கிறார்கள்!

இத்தனை இருந்தும் இங்கே வரும் வெளிநாட்டு உல்லாசப் பிரயாணிகள் கொஞ்சம் பேர்தான். தஞ்சாவூரைப் பார்த்துவிட்டுச் செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கப் போகிறவர்கள் புதுக்கோட்டை வழியாகப் போகிறார்கள். அவர்களில் சிலர் காரை இந்தப் பக்கம் திருப்புகிறார்கள். குன்றில் ஏறுகிறார்கள். படம் எடுக்கிறார்கள். தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார்கள். போய்விடுகிறார்கள். இரவு தங்குவதும் சாப்பிடுவதும் தஞ்சாவூரிலோ காரைக்குடியிலோதான்.

“பெரிய பெரிய கம்பெனிகள் நம் ஊருக்கும் ஆட்களை விமானம் விமானமாக அழைத்து வந்தால் எப்படி இருக்கும்?” இந்த ஆசை இப்படிப்பட்ட ஊர்கள் எல்லாவற்றிலும் உண்டு. நியாயமான ஆசைதான். ஆனால் அப்படி அழைத்து வந்த கம்பெனி ஒன்று கவிழ்ந்தால் என்ன ஆகும்? அதை 2019 செப்டம்பரில் உலகம் பார்த்தது.

ஒரு ஷில்லிங்கில் பிறந்தது

கவிழ்ந்த கம்பெனியின் பெயர் தாமஸ் குக்.

அது ஒரு மனிதரின் பெயர். இங்கிலாந்தில் 1808-ல் பிறந்தவர் தாமஸ் குக். மரச்சாமான் செய்யும் தச்சர். கிறிஸ்தவ மதப் பிரசாரகர். குடியை ஒழிக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசியவர்.

1841 ஜூலை 5-ந் தேதி லெஸ்டர் என்னும் ஊரிலிருந்து லாஃப்பரோ என்னும் ஊருக்கு மதுவிலக்குக் கூட்டத்துக்காக ஒரு தனி ரயிலை ஏற்பாடு செய்தார். சுமார் 500 பேர் போனார்கள். தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். தண்ணி போடாதவர்களின் அந்த ரயில் பயணத்தில்தான் இந்தப் பெரிய வியாபாரம் பிறந்தது!

அப்புறம் என்ன? மொத்தமாக டிக்கெட் எடுத்தால் விலை குறையும் என்ற சூட்சுமம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. ரயில், கப்பல், ஓட்டல், சாப்பாடு எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி விற்றார். 1872-ல் ஒரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு உலகத்தையே சுற்றப் புறப்பட்டார். 222 நாள் பயணம். அப்போது இந்தியாவையும் பார்த்தார். 1881-ல் பம்பாயில் கம்பெனியின் ஆபீஸ் திறந்தது. அந்தப் பத்தாண்டிலேயே, இந்தியாவிலிருந்து மெக்காவுக்குப் போகும் ஹஜ் யாத்திரிகர்களை அனுப்பும் பொறுப்பையும் பிரிட்டிஷ் அரசாங்கம் இந்தக் கம்பெனியிடம் கொடுத்தது.

1948-ல் அரசாங்கமே கம்பெனியை எடுத்துக்கொண்டது. 1972-ல் மறுபடி தனியாருக்கு விற்றது. இரண்டு உலகப் போர்களைத் தாண்டி வந்த கம்பெனி அது.

இரவு இரண்டு மணி

2019 செப்டம்பர் 23. திங்கட்கிழமை. இங்கிலாந்தில் இரவு சுமார் இரண்டு மணி. கம்பெனி மூடப்பட்டது என்று அறிவிப்பு வந்தது. விமானங்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

அந்த நேரத்தில் கம்பெனியின் ஏற்பாட்டில் பல நாடுகளில் இருந்த பிரயாணிகள் சுமார் 6 லட்சம் பேர். அவர்களில் பிரிட்டிஷ்காரர்கள் மட்டும் சுமார் ஒன்றரை லட்சம். சிப்பந்திகள் 21,000 பேர் நடுத்தெருவில் நின்றார்கள். அவர்களில் 9,000 பேர் பிரிட்டனில் இருந்தவர்கள்.

பிரிட்டிஷ் அரசாங்கம் வேறு விமானங்களை வாடகைக்குப் பிடித்துத் தன் ஜனங்களை இரண்டு வாரத்தில் வீடு சேர்த்தது. இதற்கு ஒரு நிதி கைகொடுத்தது. அந்த நாட்டில் இப்படி மொத்தமாக ஏற்பாடு செய்த பயணம் போகும் ஒவ்வொருவர் பெயரிலும் இரண்டரை பவுண்டு அந்த நிதியில் சேர வேண்டும். கம்பெனி திவாலானால் அந்தப் பணத்திலிருந்து பிரயாணிக்கு உதவி.

கடன் எங்கிருந்து வந்தது?

இத்தனை பழைய கம்பெனி ஏன் விழுந்தது?

2007-ல் மைட்ராவல் என்ற இன்னொரு கம்பெனியோடு தாமஸ் குக் இணைந்தது. வளர்ந்துவிட்டோம் என்று நினைத்தார்கள். வளர்ந்தது கடன். கடைசியில் 170 கோடி பவுண்டு. நம் கணக்கில் ஏறக்குறைய 15,000 கோடி ரூபாய்.

வட்டி ஒரு பக்கம் தின்றது. இன்னொரு பக்கம் காலம் மாறியது. ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே கைப்பேசியில் டிக்கெட் எடுக்கவும் ஓட்டல் அறை பிடிக்கவும் கற்றுக்கொண்டார்கள். இவர்களோ நூற்றுக்கணக்கான கடைகளைத் திறந்து வைத்து, வாடகையும் சம்பளமும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2018-ல் ஐரோப்பாவில் நல்ல வெயில். உள்ளூரிலேயே வெயில் அடிக்கிறபோது வெயில் காயப் பணம் கொடுத்து வெளிநாடு போவானேன் என்று பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். வெயிலைக் கண்டால் ஓடுகிற புதுக்கோட்டைச் சீமைக்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஆனால் அந்தக் கம்பெனியின் சரக்கே வெயில்தான்!

2019 ஆகஸ்டில் சீனக் கம்பெனியான ஃபோசன், வங்கிகளோடு சேர்ந்து 90 கோடி பவுண்டு தர முன்வந்தது. இன்னும் 20 கோடி பவுண்டு தேடுங்கள் என்று வங்கிகள் கேட்டன. அரசாங்கத்தின் கதவைத் தட்டினார்கள். அரசாங்கம் கை விரித்தது.

சோறு போட்டவர்களுக்கு மஞ்சக் கடுதாசி

பிரயாணிகள் வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஓட்டல்காரர்கள்?

இந்த வியாபாரத்தின் உள்குத்து இங்கேதான் இருக்கிறது. பிரயாணி பல மாதம் முன்பே கம்பெனியிடம் பணத்தைக் கட்டிவிடுவார். அவர் போய்த் தங்கிச் சாப்பிட்டுத் திரும்பிய பிறகு, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் ஓட்டலுக்குக் கம்பெனி பணம் அனுப்பும். முன்னால் வாங்கி, பின்னால் கொடுக்கும் வியாபாரம். நடுவில் உள்ள பணத்தில்தான் கம்பெனியின் வண்டி ஓடும்.

கம்பெனி விழுந்தது செப்டம்பர் கடைசியில். ஐரோப்பாவில் கோடைக் கூட்டமெல்லாம் வந்து போன சமயம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அறை கொடுத்து, சோறு போட்டு, துணி வெளுத்துக் கொடுத்த ஓட்டல்காரர்களுக்குப் பாக்கி வரவில்லை. மஞ்சக் கடுதாசி வந்தது. கிரீஸ், துருக்கி, ஸ்பெயின், டுனீசியா நாடுகளின் கடற்கரை ஊர்களில் எல்லாம் இதே அழுகுரல்.

டுனீசியாவில் ஹம்மாமெத் என்ற ஊரில், கம்பெனி விழுவதற்கு முன்பே ஓர் ஓட்டல்காரர் பயந்துவிட்டார். பாக்கியைக் கட்டினால்தான் வெளியே விடுவேன் என்று கேட்டைச் சாத்திவிட்டாராம். பிரயாணிகள் கூச்சல் போட்டார்கள். அவர் செய்தது தப்பு. ஆனால் மளிகைக்காரருக்கும் பால்காரருக்கும் அவர் பதில் சொல்ல வேண்டாமா?

ஸ்பெயின் அரசாங்கம் 30 கோடி யூரோ உதவித் திட்டம் அறிவித்தது. சில தீவுகளில் முக்கால்வாசி அறைகளை ஒரே கம்பெனிக்குக் கொடுத்திருந்த ஓட்டல்கள் இருந்தன. அவை என்ன செய்யும்? வாசலில் புதிய ஆள் வந்து நிற்க ஒரு வருஷமாவது ஆகுமே! பிரயாணிக்குக் காப்புநிதி இருந்தது. சோறு போட்டவருக்கு அப்படி ஒன்றும் இல்லை.

இந்தியாவில் அடி விழுந்த இடம் கோவா. குளிர்காலத்தில் இங்கிலாந்திலிருந்து நேராகக் கோவாவுக்குத் தாமஸ் குக் விமானங்கள் வரும். அக்டோபரில் கூட்டம் ஆரம்பிக்க வேண்டும். செப்டம்பரில் கம்பெனி போய்விட்டது. கடற்கரைக் குடிசைக் கடைக்காரர்களும் வாடகைக் கார்க்காரர்களும் கையைப் பிசைந்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்க வேண்டும். இந்தியாவில் அதே பெயரில் ஒரு கம்பெனி இருக்கிறதே, அது விழவில்லை. 2012-லேயே அதன் பெரும் பங்கைக் கனடாவின் ஃபேர்ஃபாக்ஸ் நிறுவனம் வாங்கிவிட்டது. பெயர் ஒன்று, முதலாளி வேறு. “நாங்கள் அவர்கள் அல்ல” என்று இந்தியக் கம்பெனி விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

வெளிநாட்டுக் கார் ஒன்று. உள்ளூர் பஸ் எழுபது

அந்த 2019-ஆம் ஆண்டுக் கணக்கையே பார்க்கலாம். தமிழ்நாட்டுக்கு வெளிநாட்டுப் பிரயாணிகளின் வருகை சுமார் 68 லட்சம். உள்நாட்டுப் பிரயாணிகளின் வருகை சுமார் 49 கோடி. ஒரு வெளிநாட்டுக்காரர் வந்தால் நம் ஜனங்கள் எழுபது பேர் வருகிறார்கள்!

நார்த்தாமலையில் இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பங்குனியில் போக வேண்டும். அடிவாரத்தில் முத்துமாரியம்மன் கோயில். பங்குனித் திருவிழாவுக்குப் புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சைப் பக்கத்து ஜனங்கள் பஸ்ஸிலும் வேனிலும் மோட்டார் சைக்கிளிலும் கால்நடையாகவும் வருகிறார்கள். அலகு, காவடி, பால்குடம். பிள்ளை வரம் கேட்டுப் பெற்றவர்கள் கரும்பில் தொட்டில் கட்டி, குழந்தையை அதில் போட்டுத் தூக்கி வருகிறார்கள்.

இந்தக் கூட்டத்தை எந்தக் கம்பெனியும் அழைத்து வரவில்லை. ஆகவே எந்தக் கம்பெனி விழுந்தாலும் இது நிற்காது. பணமும் அப்படியே. தேங்காய்க்கு, பூவுக்கு, கரும்புக்கு, பந்தல்காரருக்கு, மோர்க்காரம்மாவுக்கு, அங்கேயே அப்போதே கைக்குக் கை கிடைக்கிறது. மூன்று மாதம் கழித்துத் தருகிறேன் என்ற பேச்சே இல்லை.

ஆனால் இதிலும் ஒரு அடி விழுந்தது. 2020 மார்ச்சில் கொரோனா வந்தது. கோயில்கள் பக்தர்களுக்கு மூடப்பட்டன. ஊரடங்கு வந்தது. பங்குனி மாதத்தின் பெரும்பகுதி அதிலேயே போயிற்று. வெளிநாட்டுக்காரர்களின் கணக்கோ பாதாளத்துக்குப் போனது. 2019-ல் இந்தியாவுக்கு 1 கோடியே 9 லட்சம் வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். 2020-ல் 27 லட்சம்தான். ஆக, உள்ளூர் கூட்டத்தை நம்பினால் ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. வித்தியாசம் என்னவென்றால், கோயில் கதவு திறந்ததும் பக்தர்கள் தாமாகவே வந்தார்கள். அவர்களைக் கூட்டி வர ஒரு கம்பெனி முளைக்க வேண்டியிருக்கவில்லை.

நார்த்தாமலை தப்பியது என்று பெருமைப்படவும் ரொம்ப இடமில்லை. கவிழ்ந்த கப்பலில் ஏறாதவர் தப்பித்தார். அவர் இன்னும் அதே கரையில்தான் நிற்கிறார். வருஷத்தில் ஒரு மாதம் கூட்டம். மற்ற மாதங்களில் ஒரு மணி நேரக் கார்கள். அந்த ஒரு மணி நேரம் அரை நாளானால் ஊருக்குச் சாப்பாட்டு வியாபாரம் நடக்கும். அதற்கு லண்டன் கம்பெனி வேண்டியதில்லை. குன்றின் கதையையும் கல்வெட்டின் கதையையும் சொல்லத் தெரிந்த உள்ளூர்ப் பிள்ளைகள் நாலு பேர், நிழல், குடிதண்ணீர், பெண்கள் தயங்காமல் போகக்கூடிய கழிப்பிடம் இருந்தால் போதும். சித்தன்னவாசல் ஓவியம், குடுமியான்மலை இசைக் கல்வெட்டு, கொடும்பாளூர் மூவர் கோயில், விராலிமலை மயில்கள், திருமயம் கோட்டை எல்லாம் இதே மாவட்டத்தில்தான் இருக்கின்றன. மதுரையிலோ கோயமுத்தூரிலோ உள்ள குடும்பம் பள்ளிக்கூட விடுமுறையில் இரண்டு நாள் வந்து பார்க்கலாம்.

டூர் சீட்டுப் பணம்

தாமஸ் குக் கதை எங்கேயோ நடந்தது என்று விட்டுவிடவும் முடியாது. காசிக்குப் போக, ஷீரடிக்குப் போக என்று மாதம் ஐந்நூறு, ஆயிரம் கட்டிவரும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். இதுவும் முன்னால் கட்டி, பின்னால் போகிற ஏற்பாடுதான். பிரிட்டனில் உள்ளது போல, டூர்காரர் திவாலானால் பிரயாணிக்குப் பணம் கொடுக்கும் கட்டாயப் பொதுநிதி இந்தியாவில் இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கேயும் முதலில் கேட்பது ரசீதுதான். கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் கம்பெனி பெயரும் தேதியும் போட்ட ரசீது வாங்க வேண்டும். ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று என்று டூர்காரர் சொன்னால், டிக்கெட்டில் உள்ள பத்து இலக்க எண்ணைக் கேட்டு வாங்கலாம். 139-க்குப் போன் செய்தால் அது உண்மையா என்பது தெரிந்துவிடும். மூத்த பாட்டியின் காசி யாத்திரைப் பணம் அதில் இருக்கிறது.

அந்த ஆங்கிலக் கம்பெனியின் 555 கடைகளை 2019 அக்டோபரில் ஹேய்ஸ் என்ற இன்னொரு பிரயாணக் கம்பெனி எடுத்துக்கொண்டது. ‘தாமஸ் குக்’ என்ற பெயரை மட்டும் ஃபோசன் 1 கோடியே 10 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. 2024-ல் அந்தப் பெயர் போலந்துக் கம்பெனி ஒன்றின் கைக்குப் போயிற்று.

நார்த்தாமலை என்ற பெயரே ‘நகரத்தார் மலை’ என்பதிலிருந்து வந்தது என்பார்கள். சோழர் காலத்தில் வணிகர்களின் ‘நகரம்’ என்னும் சபை இந்த ஊரை நிர்வகித்தது. அந்தச் சபையும் இப்போது இல்லை. அதன் பெயரைக் கடம்பர் மலை அடிவாரத்திலும் மேலமலையிலும் கல்லில் படித்துக்கொண்டு நடக்கலாம். ஏறுகிறவர்கள் காலையிலேயே ஏறிவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் பாறை சுடும்.